இடுப்பளவு முப்பத்தெட்டரை

என் வீட்டுக்காரரின் மூத்த சகோதரியும், பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பதிவு மேசையை ஆள்பவருமான அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி, தையல்காரி, வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தம்பி, தையல் மெஷின் மூவரும் நலம். அதாவது மெஷின் நலம். உங்கள் நலத்தை நீங்களாக எழுத மாட்டீர்கள். நாம் பேசி ஆறு வருஷமாகிறது. நான் தைத்த கோட்டுக்குப் பொத்தான் எட்டவில்லை என்று நீங்கள் சொன்னதும், "அளவு நாடா பொய் சொல்லாது அண்ணி, நீங்கதான் பெருத்துட்டீங்க" என்று நான் சொன்னதும் நினைவிருக்கும். அதை இன்றும் நான் வாபஸ் வாங்கவில்லை. இது சிபாரிசுக் கடிதம் அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் என்னவென்றால், எனக்குச் சினைப்பையில் புற்றுநோய். உட்காருங்கள். உட்கார்ந்துதான் இருப்பீர்கள், உங்கள் வேலையே அதுதான்.

எட்டு மாதத்துக்கு முன் வயிறு உப்ப ஆரம்பித்தது. இரண்டு வாய் சாப்பிட்டாலே போதும் போதும் என்றாகிவிடும். தெருமுனை டாக்டர் வாயு என்று மாத்திரை கொடுத்தார். வயிறு அந்த மாத்திரையையும் சேர்த்துக்கொண்டு உப்பியது. அடுத்தவர் வயசுக் கோளாறு என்றார். மூன்றாமவர் என்னை நிமிர்ந்தே பார்க்காமல், உட்கார்ந்தே வேலை செய்தால் தொப்பை வராமல் என்ன செய்யும், நடங்கள் என்றார். நடந்தேன். தெருநாய்க்கே பரிதாபம் வந்து குரைப்பதை நிறுத்திவிட்டது, வயிறு மட்டும் குறையவில்லை. உங்கள் தம்பியோ விசேஷமா என்று கேட்டார், ஐம்பத்து மூன்று வயதில். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பொறுமை காத்தேன். வேறு வழியில்லாமல், வாடிக்கையாளருக்குப் போடுவதுபோல் அளவு நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் போட்டு வாராவாரம் எழுதினேன். இடுப்பு முப்பத்திரண்டில் ஆரம்பித்து முப்பத்தெட்டரையில் வந்து நின்றது. கைச்சுற்றளவு மட்டும் குறைந்துகொண்டே போனது. தொப்பை போடுகிறவளுக்குக் கை ஏன் இளைக்கிறது? தையல் தெரிந்த யாரும் கேட்டிருப்பார்கள், வைத்தியம் தெரிந்தவர்கள் கேட்கவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுக்கும் அம்மாதான் நோட்டைப் புரட்டிவிட்டு, "இத ஏம்மா முன்னாடியே யாரும் பாக்கல?" என்றார். காட்டினேன், பார்க்கத்தான் ஆளில்லை என்றேன்.

இனிதான் வயிற்றெரிச்சல். நோட்டில் என் எதிர்ப் பக்கம் வங்கி மேலாளர் அம்மாவுடையது. அவருக்கும் இதே நோய். வயிறு உப்பியதும் அவர் வீட்டுக்காரர் யாருக்கோ ஒரு போன் போட்டார். மூன்றாம் நாள் ஸ்கேன், இரண்டாம் வாரம் உங்கள் ஆஸ்பத்திரியில், இதற்கென்றே படித்த டாக்டரம்மா கையால் ஆபரேஷன். போன வாரம் பாவாடையைப் பிடித்துத் தைக்க வந்தார். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்களாம். நல்ல மனுஷி, நன்றாக இருக்கட்டும். ஆனால் அதே டாக்டரம்மாவைப் பார்க்க நான் மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம். அதுவரை நோட்டில் பக்கம் போதாது.

இங்குள்ள சர்ஜன் குடல்வால் எடுப்பவர், குடலிறக்கம் தைப்பவர். செவ்வாய்க்கிழமை இதையும் பார்த்துவிடலாம் என்கிறார். இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "உள்ள போய்ப் பாத்தாத்தாம்மா தெரியும்," என்று வேறு எதற்கோ பதில் சொன்னார். திரைச்சீலை தைப்பவரிடம் கோட்டுத் துணியைக் கொடுக்காதவள் நான். ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. செவ்வாய்க்கிழமை இங்கேயே படுத்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பயமே இல்லை. நீங்கள் வரவும் வேண்டாம், யாரிடமும் பேசவும் வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், உங்கள் பேரனுக்கு முத்தம், உங்கள் முதுகுவலிக்கு அனுதாபம்.

இப்படிக்கு,
யாரிடமும் எதுவும் கேட்காத
தம்பி மனைவி

பி.கு.: ஒட்டிய உறையைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன் அண்ணி. உங்கள் இடுப்பளவு நோட்டில் முப்பத்தாறு என்றுதான் இருக்கிறது. நான் வெட்டியது முப்பத்து நான்குக்கு. அன்றைக்கே பார்த்துவிட்டேன். நீங்கள் பெருத்துவிடவில்லை. நாடா பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை நோட்டோடு வந்து உங்கள் மேசைக்கு முன்னால் நிற்பேன். அந்தக் கோட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். எடுத்து வையுங்கள், பிரித்துச் சரியாகத் தைத்துத் தருகிறேன். அதற்கு நான் இருக்க வேண்டும். அதற்கு மட்டும் வழி பண்ணுங்கள்.