வாழைக் கொட்டகையின் மாடியில் மன உறுதி வளர்ந்த வரலாறு

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த மாபெரும் சாதனை எது என்று கேட்டால், கனமான ஒன்றைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைப்பதுதான் என்பேன். சக்கரம் என்று சிலர் சொல்லுவார்கள். சக்கரம் மனிதனைச் சோம்பேறியாக்கியது. எடைதான் அவனை மனிதனாக்கியது.

இந்தப் பேருண்மை, சின்னமனூரில் எங்கள் வாழைப்பழ ஏற்றுமதி நிறுவனத்தின் மாடியில், சென்ற தை மாதம் நிலைநாட்டப்பட்டது. அப்போது கூடவே இருந்த பெருமை நிர்வாக அலுவலர் ஆல்பர்ட் ஆகிய எனக்கு உண்டு.

எங்களிடம் இரண்டு வகை ஊழியர்கள். மாடியில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பதினொரு பேர். கீழே கொட்டகையில் தார் இறக்கி, சீப்பு வெட்டி, கழுவி, பெட்டியில் அடுக்கி, கண்டெய்னர் வரை சுமக்கும் பெண்கள் நாற்பது பேர். இதில் மன உளைச்சல் முழுவதும் மாடிக்குத்தான். 'காய் வழியிலேயே பழுத்துவிட்டது' என்று துபாயிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தால் போதும், மேலாளர் விஜயபாண்டி மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிடுவார். கீழே இருப்பவர்களுக்கு மின்னஞ்சலே வராது. கொடுத்து வைத்தவர்கள்.

ஆகவே தலைமை அலுவலகம் 'ஊழியர் மீள்திறன் மேம்பாட்டுத் திட்டம்' அறிவித்தது. எடைப் பயிற்சி செய்தால் எலும்பு இறுகும், முதுகு நிமிரும், எந்த அடியையும் தாங்கும் மனம் வரும் என்றது சுற்றறிக்கை. மாடியில் உடற்பயிற்சிக் கூடம் திறக்க உத்தரவும் கூடவே வந்தது.

அதே வாரத்தில் மொக்கம்மாள் ஒரு மனுவோடு என் மேசை முன் வந்து நின்றார். பதினெட்டு வருடமாகப் பெட்டி சுமப்பவர்.

"சார், வலது முட்டிய மடக்க முடியல. பெட்டி ஒண்ணு பதிமூணு கிலோ. ரெண்டு ரெண்டா தலையில வச்சு கண்டெய்னர் வரைக்கும் நடக்கணும். நாலு தள்ளுவண்டி வாங்கிக் குடுங்க. எம்மக திரிஷா நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருசம் கெடக்கு. அது வரைக்குமாச்சும் இந்தக் கால் ஓடணும்."

"பரிசீலிக்கிறோம்மா."

"போன வருசமும் இதத்தான சொன்னீக?"

"அதனாலதான் இந்த வருசம் திக்காமச் சொல்றேன்."

மறுநாள் பயிற்சிக் கருவிகள் லாரியில் வந்து இறங்கின. கூடவே தேனியிலிருந்து பயிற்சியாளர் தமிழ்மாறனும் வந்தார். அவருடைய பனியனுக்குள் இன்னொரு ஆளும் ஒளிந்திருக்கிறாரோ என்று சந்தேகம் வரும். இறங்கியதுமே எச்சரித்தார்.

"வார்ம்-அப் பண்ணாம ஒருத்தரும் இதத் தொடக் கூடாது சார். முதுகு பிடிச்சுக்கிரும்."

"அப்ப மாடிக்கு யாருப்பா ஏத்துறது?" என்றார் விஜயபாண்டி.

நாங்கள் பதினொரு பேரும் ஒருசேரக் கொட்டகைப் பக்கம் திரும்பினோம்.

இரும்புத் தட்டுகள், கம்பிகள், பெஞ்சுகள் எல்லாமாக அறுநூறு கிலோ. இருபத்திரண்டு படி. நாற்பது நிமிடம். தலையில் சும்மாடு, வாயில் ஊர்க்கதை. தமிழ்மாறன் வாயைப் பிளந்தார்.

"யக்கா, நீங்கல்லாம் மூச்சு எப்ப விடுவீக?"

"வீட்டுக்குப் போயி விட்டுக்கிருவோம் தம்பி."

மாலையில் திறப்பு விழா. விஜயபாண்டி ரிப்பன் வெட்டி, ஐந்து கிலோ எடையை மூன்று முறை தூக்கினார். கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. மறுநாள் காலை அவரால் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. சுற்றறிக்கையின் ஏழாம் பிரிவின்படி இரண்டு நாள் 'தசை மீட்பு விடுப்பு' எடுத்துக்கொண்டார். வலி என்பது வளர்ச்சி என்று நாங்கள் அனைவரும் அவருக்கு வாட்ஸப்பில் ஆறுதல் சொன்னோம்.

ஒரே மாதத்தில் நானும் பத்து கிலோவை எட்டிவிட்டேன். வீட்டில் இந்தப் புரட்சி புரியவில்லை. "கேஸ் சிலிண்டர் வாசல்லயே நிக்கிது, உள்ள தூக்கி வைங்க" என்றாள் என் மனைவி சகாயராணி. "இன்னைக்குக் காலுக்குத்தான் பயிற்சி. கைக்கு ஓய்வு" என்று பொறுமையாக விளக்கினேன். அவளே அதை உருட்டிக்கொண்டு போனாள். அறிவியல் தெரியாதவர்கள் இப்படித்தான் அட்டவணை இல்லாமல் உழைப்பார்கள்.

பிறகு மேலாளர், பயிற்சியாளர், நான் அடங்கிய மீள்திறன் குழு கூடி மொக்கம்மாளின் மனுவை ஆழ்ந்து ஆராய்ந்தது. மேசையில் முட்டையின் வெள்ளைக்கரு மட்டும்.

"தள்ளுவண்டி குடுத்தா என்ன ஆகும்?" என்றார் விஜயபாண்டி.

"தலையில எடை இருக்காது சார்," என்றேன்.

"எடை இல்லைன்னா?"

"மன உறுதி போயிரும்."

"பாத்தீகளா! பாவம், அவுகளுக்கு அந்தத் துரோகத்தப் பண்ணலாமா?"

தமிழ்மாறன் மட்டும் தயங்கினார். "சார், முட்டி வலின்னா ஓய்வு குடுத்துரணும். அதுவும் பயிற்சியில ஒரு பகுதிதான்."

"அது மாடிக்கு மட்டுந்தான் விதி தம்பி," என்றார் விஜயபாண்டி.

'கொட்டகைப் பணியாளர்கள் நாள்தோறும் எட்டு மணி நேரம் எடைப் பயிற்சி பெற்றுவருவதாலும், சக்கரம் அவர்தம் மீள்திறனுக்கு ஊறு விளைவிக்கும் என்பதாலும், மனு நிராகரிக்கப்படுகிறது' என்று தீர்மானம் எழுதினேன். அதை நானே கீழே போய் வாசித்தும் காட்டினேன். மொக்கம்மாள் கடைசி வரை கேட்டார்.

"அம்புட்டு நல்லதுன்னா ஒண்ணு செய்ங்க சார். நீங்கல்லாம் இங்கன வந்து ஆளுக்கு அம்பது பெட்டி தூக்குங்க. ஒங்களுக்கு உறுதி வரும், எங்களுக்கு முட்டி மிஞ்சும்."

இந்த யோசனையையும் குழு திறந்த மனதோடு பரிசீலித்தது. பெட்டியில் பயிற்சிக்கு உகந்த பிடி இல்லை என்று தெரியவந்ததால் கைவிட்டது.

சித்திரையில், வீரபாண்டித் திருவிழாவுக்கு முந்தைய வாரம், கண்டெய்னர் வாசலில் மொக்கம்மாளின் முட்டி மடங்கியது. தலையில் இரண்டு பெட்டியோடு விழுந்தார். விபத்து அறிக்கையை நான்தான் எழுதினேன். 'காய்களுக்குச் சேதமில்லை' என்பது அதன் முதல் வரி. இனி சுமையே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து, கம்பு ஊன்றிக்கொண்டு இருபத்திரண்டு படியும் ஏறி வந்தார்.

"உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டுற வேல இருந்தா குடுங்க சார். திரிஷா படிப்பு மட்டும் நின்னுரக் கூடாது."

விஜயபாண்டி பயிற்சிக் கம்பியில் தொங்கிக்கொண்டே உத்தரவைச் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். 'போதிய உடல், மன மீள்திறன் இன்மையால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.' கையெழுத்துப் போடவேண்டியது நிர்வாக அலுவலராகிய நான்.

மொக்கம்மாள் எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒளிப்பானேன்? போன வருடமாக இருந்தால் எனக்குக் கை நடுங்கியிருக்கும். அந்த முகம் ஒரு வாரமாவது கண்ணுக்குள் நின்றிருக்கும். இப்போது முதுகை நிமிர்த்தி, தோளைத் தளர்த்தி, அவர் கண்ணைப் பார்த்தபடியே ஒரே வீச்சில் கையெழுத்துப் போட்டேன். விரல்கூட அசங்கவில்லை. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடவும் முடிந்தது.

எடைப் பயிற்சி ஒரு மனிதனின் நெஞ்சை எவ்வளவு இறுக்கிவிடும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?