சாமிக்குக் கொடுத்த அட்வான்ஸ்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதற்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன். சித்தூர் பக்கம் பங்காருபாளையத்தில் மாங்காய் வியாபாரம் செய்கிறவன் வேறு எப்படி இருப்பான்? மரம் பூத்ததுமே தோப்பைப் பேசி முடித்துவிட வேண்டும். காய்க்கட்டும் என்று காத்திருந்தால் அடுத்தவன் கொத்திக்கொண்டு போய்விடுவான்.

என் மனைவி வசந்தா, சீசனில் கூலியாட்களுக்குச் சோறு, சீசன் முடிந்தால் திருப்பதிக்கு வரும் சொந்தக்காரர்களுக்குச் சோறு என்று இருபத்தைந்து வருஷமாக அடுப்படியில் நின்றவள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் லாவண்யா, மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊரின் படத்தை போனில் அனுப்பினாள். வெள்ளை வீடுகள், நீலக் கடல், மணலில் ஒரு காலி நாற்காலி. வசந்தாவின் கண் அந்த நாற்காலியிலேயே நின்றுவிட்டது.

"ஒரு வாரம் இதுல குந்திக்கினு இருக்கணுங்க. ஒருத்தரும் சோறு கேக்கக் கூடாது."

"நானும் வந்துடறேன். அங்க நல்லா வெயில் அடிக்கும் நைனா" என்றாள் லாவண்யா. (சித்தூர்க்காரனிடம் வெயிலைக் காட்டி ஆசை மூட்டிய முதல் ஆள் அவள்தான்.)

எனக்கும் வசந்தாவுக்கும் டிக்கெட் போட்டாயிற்று. விசாதான் பாக்கி. 'பெருமாளே, வசந்தா ஒரு வாரம் அந்தக் கடலோரம் நிம்மதியாக உட்காரட்டும், முடி கொடுக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டேன். ஊரில் எல்லோரும் காரியம் முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள். நான் வியாபாரி அல்லவா? சென்னை விசா ஆபீசுக்குப் போக வேண்டியதற்கு முதல் நாளே மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மீசையையும் கொடுத்தேன். (போனஸ்.)

வசந்தா கரண்டியைக் கீழே போட்டாள். "இன்னாங்க இது? போட்டோவோட ஒத்துப் பாப்பாங்கன்னு பாப்பா படிச்சிப் படிச்சி சொல்லிச்சே!"

"சாமி பாத்துக்கும், வுடு."

மறுநாள் கவுன்ட்டரில் இருந்த பெண், சுருட்டை முடியும் முறுக்கு மீசையுமாக இருந்த என் போட்டோவைப் பார்த்தாள். பிறகு என் மண்டையைப் பார்த்தாள். அதில் சந்தனம் வேறு.

"அப்ளை பண்ணவரு வரலையா சார்?"

"நான்தாம்மா."

"அப்போ இந்த போட்டோல?"

"அதுவும் நான்தாம்மா. போன வாரத்து நான்."

"மீசை?"

"அதையும் குடுத்துட்டேம்மா."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெரியவர் "கோவிந்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வசந்தா எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போல நாலடி தள்ளி நின்றாள். சந்தனத்தைக் கழுவச் சொல்லி வேறு போட்டோ எடுத்தார்கள். எனக்கே அந்த ஆளை யாரென்று தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டு கவர்கள் வந்தன. வசந்தாவின் பாஸ்போர்ட்டில் விசா இருந்தது. என்னுடையதில், ஆள் இவர்தானா என்று சந்தேகம் எனச் சொல்லும் கடிதம் மட்டும் இருந்தது. அவள் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"நீ போ வசந்தா. அதான் பாப்பா வருதே" என்றேன்.

போனாள். அந்த வாரம் பார்த்து விஜயபுரத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஆறு பேர் தரிசனத்துக்கு வந்து இறங்கினார்கள். நான் வைத்த சாம்பாரை ஒரு வேளை தின்றுவிட்டு, மறுவேளைக்கு எல்லோரும் ஓட்டலுக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தவளைச் சொந்தபந்தம் சூழ்ந்துகொண்டது. "பாவம், அவர வுட்டுட்டு போனியே!"

"இன்னா பாவம்? நான் நிம்மதியா குந்தணும்னுதானே வேண்டிக்கினாரு? சாமி கேட்டதக் கேட்டபடி குடுத்துச்சு. இவரையும் இட்டுக்கினு போயிருந்தா நிம்மதி எங்கேர்ந்து வரும்?"

வீடே சிரித்தது. இப்போதும் ஒவ்வொரு வருஷமும் கடைசி லோடு மாங்காய் போனதும், வசந்தா பரண் மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டே கேட்கிறாள்:

"இன்னாங்க, இந்த வருசம் எப்போ மொட்டை?"