சுறா எண்ணெய்ச் சுவர்

கடலுக்குப் போனால் வாந்தி எடுக்கிற மீனவன் உலகத்தில் உண்டா என்று யாராவது கேட்டால், தயங்காமல் என்னைக் கைகாட்டலாம். முதல் அலையைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். மூன்று தடவை பார்த்துவிட்டு நைனா என்னைக் கரையிலேயே விட்டுவிட்டார். அப்படித்தான் பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர்களிடம் சாந்து சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கு அதே கோட்டைச் சுவர்களைப் பூசுகிற கொத்தனார் நான். (நம்புங்கள்.) ஆனால் முதன்முதலில் நான் பூசிய சுவரைப் பற்றி நானாக வாய் திறப்பதில்லை. அதற்கென்றே என் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சுண்ணாம்புக்குளத்து முத்தாலுவை எனக்குப் பேசியிருந்தார்கள். அவளுடைய அம்மா, எனக்கு அத்தை முறை, ஏரியில் கிளிஞ்சல் அள்ளி, சூளையில் சுட்டு, கோட்டைக்குச் சுண்ணாம்பு கொடுப்பவர். முத்தாலு தோணியிலிருந்து கூடை கூடையாகச் சுண்ணாம்பு இறக்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்காமல் போயிருந்தது. அத்தை வைத்தது ஒரே நிபந்தனை. கடலுக்குப் போகாதவன், கோட்டையில் வேலை பார்க்கிறவன் என்றால், மழை தாங்குகிற ஒரு சுவரையாவது தன் கையால் கட்டிக் காட்டட்டும். சித்திரையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் குப்பத்தில் அதுவரை எல்லாம் ஓலைக் குடிசைதான்.

எப்படிக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்; இல்லாவிட்டால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நாள்கணக்கில் நீரில் கிடத்த வேண்டும். மணலில் உப்பு போகக் கிணற்றுத் தண்ணீரில் அலச வேண்டும். பூச்சுக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். இவ்வளவையும் கோட்டையில் தினமும் பார்த்தவன் நான். எங்கள் குடிசையின் ஒரு பக்கச் சுவரை ஒழுங்காகவே கட்டினேன். பூச்சு வேலைக்கு வந்தபோதுதான் என் மூளை வேலை செய்தது.

எங்கள் தோணிகளின் அடிப்பலகைக்குச் சுண்ணாம்பில் சுறா எண்ணெயைக் குழைத்துப் பூசுவோம். புழு அரிக்காது, சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. தோணிக்குள்ளேயே தண்ணீர் வராது என்றால் வீட்டுக்குள் எப்படி வரும்? கோட்டைக் கொத்தனார்களுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லையே என்று அவர்களுக்காக வருத்தப்பட்டேன். கடுக்காய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூன்று பானை சுறா எண்ணெயைச் சாந்தில் குழைத்து உள்ளும் புறமும் பூசினேன். சுவர் பளபளவென்று நின்றது. தினமும் வேலை முடிந்து வந்து அதில் என் முகம் தெரிகிறதா என்று பார்ப்பேன்.

நாற்றம் எனக்குத் தெரியவில்லை. கருவாட்டுக்கு நடுவே பிறந்த மூக்கு. ஆனால் சித்திரை வெயில் ஏற ஏற, பக்கத்தில் கருவாடு காயப்போடுகிற அக்காவே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, “எங்கனா எதுனா செத்துக்கீதா பாரு” என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

சொன்னபடி அத்தை வந்தார். அன்றைக்கென்று தறியிலிருந்து இறங்கிய புதுச்சேலை கட்டியிருந்தார். பாயை விரித்தேன். ஏரியைக் கடந்து வந்த களைப்பில் அவர் சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நைனா பேசினார், அம்மா மோர் கொடுத்தார், நான் சுவரின் பெருமையைச் சொன்னேன். அத்தை மோரைக் குடித்து முடித்தார். கடைசியில் தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று நைனா கேட்க, அத்தை எழுந்தார்.

சுவரும் எழுந்தது. முறம் அகலத்துக்குப் பூச்சு அப்படியே பெயர்ந்து அவர் முதுகோடு வந்துவிட்டது. சுவரில் செங்கல் பல்லை இளித்தது. அத்தை கையைப் பின்னால் விட்டு ஒரு கட்டியைக் கிள்ளி எடுத்து, விரலால் நசுக்கி, முகர்ந்து பார்த்தார்.

“தம்பி, நான் சுட்டுக் குடுத்த சுண்ணாம்பு இது” என்று சொன்னார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தோணித்துறைக்கு அவர் நடந்தபோது குப்பத்துப் பூனைகள் பின்னாலேயே போயின. (ஏழு என்பது நைனாவின் கணக்கு; நான் தலையை நிமிர்த்தவில்லை.) ஒரு பூனை தோணிக்குள்ளும் ஏறிவிட்டது. முத்தாலு கைநழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். அன்று மாலை சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன், சாயாமல்.

நான்காம் நாள் தோணிக்காரர் ஒரு கூடை சுண்ணாம்பை இறக்கிவைத்தார். அம்மாவுக்குத் தெரியாமல் முத்தாலு அனுப்பியது. கூடவே அவள் சொன்னதையும் அவர் ஒப்பித்தார்: “தோணி எப்பவும் தண்ணில கெடக்கும், அதுக்கு எண்ணெ சரி. செவுரு காத்தக் குடிச்சாத்தான் இறுகும். நீ அது வாயக் கட்டிட்டே. சொரண்டிட்டு மறுபடி பூசு.”

எண்ணெய் ஏறிய செங்கல்லை எல்லாம் பிரித்து, வேறு கல் வைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பூசினேன். ஐப்பசி மழை பன்னிரண்டு நாள் அடித்தது. சுவர் நின்றது. மழை விட்டதும் அத்தை வந்து சுற்றிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், தலையை ஆட்டினார். தையில் கல்யாணம்.

ஆனால் சுவரைப் பார்க்க வந்த அன்று அத்தை உட்கார்ந்தது பாயின் நட்டநடுவில். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அங்கேதான். பிரசவத்துக்குத் துணையாக வந்து மாதக்கணக்கில் தங்கியபோதும் சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டவில்லை. கோட்டையில் என் பூச்சை ஒல்லாந்துத் துரை தட்டிப் பார்த்து மெச்சியது அத்தையிடம் செல்லுபடியாகவில்லை. என் பிள்ளைகள், யார் வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் முதுகைத் திருப்பிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

போன மாதம் அத்தை வந்தார். இப்போது முதுகு கூனிவிட்டது, மூச்சு வாங்குகிறது. பாயில் உட்கார்ந்தவர் மெல்ல நகர்ந்து நகர்ந்து போய், என் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் முத்தாலுவைக் கூப்பிட்டு முதுகைக் காட்டினார்.

“பாரு, எதுனா ஒட்டினு வந்துக்கீதா?”