அண்டாவுக்குள் ஒரு பட்டாளம்

சொந்தமாக ஒரு பட்டாளம் திரட்டுவது என்று நான் முடிவு செய்தேன். வெளியே சொல்லக்கூடிய முடிவு இல்லை. சொன்னால் ஊர் சிரிக்கும். ஊர் சிரித்தால் பரவாயில்லை, என் மனைவி சோலையம்மாளுக்குத் தெரிந்துவிடும்.

பட்டாளத்துக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. இளவட்டமாக இருந்தபோது ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மதுரைக்கு ஓடினேன். மார்பை அளந்தவர் நாடாவைச் சுற்றினார். கையில் மிஞ்சிய நாடாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வீட்ல சோறு போடுறாங்களா தம்பி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது அதே நாடா என் வயிற்றைச் சுற்றி வரப் போதாது. ஆனால் இப்போது யாரும் அளக்கக் கூப்பிடுவதில்லை.

அறுபத்தாறாம் வருஷம். திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கம்பெனிக்கு நான் விற்பனை ஆள். தோல்பையில் சாம்பிள் பொட்டலங்களோடு அடிக்கடி கொடைக்கானல் போவேன். அங்கே ஒரு அமெரிக்கக் குடும்பம் ஊரோடு திரும்பிப் போகிறதென்று சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தது. கம்பளி ஒன்று வாங்கி வரச் சொல்லியிருந்தாள் சோலையம்மாள். கம்பளிகள் இருந்தன. அவற்றின்மேல் அவன் படுத்திருந்தான்.

ஒரு அடி உயரம். பச்சை உடுப்பு, தலையில் இரும்புத் தொப்பி, கையில் துப்பாக்கி, கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. நம் ஊர்ப் பொம்மை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. கழுத்து திரும்பியது. முழங்கை மடங்கியது. முழங்கால் மடங்கியது. குப்புறப் போட்டால் குறி பார்த்தான். பூட்ஸைக் கழற்றி மாட்டலாம். நான் குனிந்து செருப்பு மாட்டினாலே மூச்சு வாங்குகிறவன். எனக்குப் பொறாமையாக இருந்தது. கம்பளியை மறந்தேன், அவனை வாங்கினேன்.

"கம்பளி எங்கீங்க?" என்றாள் சோலையம்மாள்.

"எல்லாம் கிழிசல் புள்ள."

"ஏனுங்க, வெள்ளக்காரங்க கிழிசலத்தான் போத்திக்கறாங்களா?"

"அவங்களுக்குக் குளிரு பழகிருச்சு."

என் மனைவிக்குப் பிறந்த ஊர் தொப்பம்பட்டி. அந்தப் பக்கத்து மரியாதை அவள் பேச்சில் எப்போதும் இருக்கும். கோபம் ஏறினால் மரியாதையும் ஏறும். ஒரு வாக்கியத்தில் இரண்டு 'ங்க' வந்தால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவது வழக்கம். அன்றைக்கும் போனேன்.

பேகம்பூரில் தையல் கடை வைத்திருக்கும் நைனா முகமது என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். பொம்மையை அவன் தையல் மிஷின்மேல் நிறுத்தினேன்.

"யாரு மாப்ள இது?"

"கேப்டன்."

"எந்த ஊரு?"

"அமெரிக்கா. இனிமே திண்டுக்கல்."

நைனா சட்டையைக் கழற்றி உள்பக்கம் புரட்டினான். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினான். "இம்புட்டூண்டு காலரு. அதுக்கும் உள்துணி குடுத்துத் தச்சிருக்கான் மாப்ள" என்றான். குரல் தழுதழுத்தது. அவனும் விழுந்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

இந்தப் பைத்தியம் மனிதனை எப்படிப் பிடிக்கிறது என்று நான் பிறகு யோசித்ததுண்டு. ஒரு பொம்மை வாங்குகிறவன் ஒரு பொம்மையோடு நிற்பதாகத்தான் இருக்கிறான். ஆனால் கேப்டன் பகலெல்லாம் காவல் நின்றால் ராத்திரி யார் நிற்பது? ஆகவே இன்னொருவன் வேண்டும். இரண்டு பேரும் நின்றால் எதிரி வருகிறானா என்று தூரத்தில் பார்ப்பது யார்? தூரக்கண்ணாடியோடு ஒருவன் வேண்டும். இப்படி நியாயம் பேசிப் பேசியே நான் ஆறு பேர் வரைக்கும் போய்விட்டேன். ஒவ்வொருவனையும் வாங்கும்போது இவன்தான் கடைசி என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

மலைமேல் பங்களாக்களில் சமையல் வேலை பார்த்த சூசைமாணிக்கம், எந்த வீட்டுப் பையன் எந்தச் சிப்பாயை விட்டுவிட்டு ஊர் போகிறான் என்று பார்த்து எனக்கு எடுத்து வைப்பார். "ஒங்க பிள்ளைகளுக்குப் பொம்மைன்னா உசுரு போலிருக்கே" என்பார். எங்களுக்கு ஒரே மகள், அவளுக்கும் கல்யாணமாகிவிட்டது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நைனா போலீஸ்காரர் ஒருவரின் நிஜார் துணியில் மிச்சம் பிடித்து ஆறு பேருக்கும் காக்கி உடுப்பு தைத்தான். பித்தான்களுக்குக் கடுகளவு மணிகள். சாயங்காலமானால் கதவை ஒருக்களித்துவிட்டு அணிவகுப்பு நடத்துவோம். "தோள்பட்டை தூக்கலா இருக்கு மாப்ள, பிரிச்சுத் தைக்கணும்" என்று அவன் கவலைப்படுவான். நானும் கவலைப்படுவேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கவலைப்பட்டதே கிடையாது.

ரம்ஜான் வந்தது. கடையில் பெருநாள் துணி மலையாகக் குவிந்திருந்தது. நைனாவின் மனைவி ஜெய்தூன் பீவி நோன்பு திறக்கக் கஞ்சித் தூக்கோடு வந்து பார்த்தபோது, அவள் புருஷன் ஒரு கட்டைவிரல் நீளக் கால்சட்டைக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் கத்தவில்லை. ஆறு பேரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தாள். "பொழுது சாயறதுக்குள்ள இவுகல்லாம் அவுகவுக வீட்டுக்குப் போயிரணும்" என்று மட்டும் சொன்னாள்.

என் பட்டாளம் அன்றைக்கே இடம் பெயர்ந்தது. வீட்டுப் பரணில் ஒரு பெரிய பித்தளை அண்டா இருந்தது. மகள் கல்யாணத்துக்கு இறக்கினது, அப்புறம் யாரும் தொடவில்லை. ஐந்து பேரை அதற்குள் இறக்கினேன். கேப்டனை மட்டும் பிரிய மனசு வரவில்லை. அவனை என் தோல்பைக்குள், புகையிலைப் பொட்டலங்களுக்கு அடியில் படுக்க வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரமே சோலையம்மாளுக்கு அண்டாவைத் துலக்க வேண்டும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசிக்கிறவனாக இருந்தால் எனக்கு இந்தக் கதை நேர்ந்திருக்காது.

"ஏனுங்க, அண்டாவுக்குள்ள அஞ்சு பேரு குத்தவெச்சு உக்காந்திருக்கறாங்களே, அவங்க யாருங்க?"

மூன்று 'ங்க'. சட்டை கொடியில் இருந்தது, கொடிக்கும் எனக்கும் நடுவில் அவள் இருந்தாள். என் கண்ணுக்கு முன்னால் மாமனார் ஊர்க் கோயில் வந்தது. அந்தப் பக்கம் கை கால் சுகமில்லை என்றால் மண்ணில் ஆள் உருவம் செய்து சாமிக்கு வைப்பார்கள். உருவாரம் என்று பெயர்.

"உருவாரம்" என்றேன்.

"என்னதுங்க?"

"வேண்டுதல் புள்ள. உங்க ஊரு கருப்பணசாமிக்கு நேந்துக்கிட்டேன்."

"யாருக்காகங்க?"

"உங்க அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்குல்ல? மண்ணுல செஞ்சா முழங்கால் மடங்காது. அதான் மடங்குற மாதிரி பாத்து வாங்குனேன்."

"மீதி நாலு பேருங்க?"

"இந்தா, இவன் தூரக்கண்ணாடி வச்சிருக்கான் பாரு. உங்க அப்பாவுக்குக் கண்ணு மங்கலா இருக்குன்னாரே, அதுக்கு. கழுத்துத் திரும்புறவன் உங்க பெரியண்ணன் சுளுக்குக்கு. இவன் உங்க சின்னண்ணன் இடுப்புக்கு."

"கடைசியா ஒருத்தருங்க?"

"உன் மணிக்கட்டுக்கு. மாவாட்டி மாவாட்டி வலிக்குதுன்னியே."

"துப்பாக்கி எதுக்குங்க?"

"கருப்பணசாமி காவல் தெய்வம்ல. ஒத்தாசைக்கு."

சோலையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டு ஆளுங்க மேல இத்தன பாசம் வெச்சிருக்கறது தெரியாம இருந்துட்டனுங்களே" என்றாள். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். பொய்யில் இப்படி ஒரு திறமை எனக்கு உண்டென்று எனக்கே தெரியாது.

"அப்ப வர்ற வெள்ளிக்கிழமையே கொண்டுபோய் வெச்சுரலாமுங்க. நேந்தத வீட்டுல வெச்சிருக்கக் கூடாதுங்க."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கோயிலில் வைத்த உருவாரத்தைத் திரும்ப எடுக்கக்கூடாது. எடுத்தால் அந்தச் சீக்கு எடுத்தவனுக்கே வந்து சேரும் என்று அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். நைனாவிடம் ஓடினேன். அவன் கத்திரிக்கோலைக் கீழே வைத்தான். "உடுப்பையாவது கழட்டி வாங்கிட்டு வா மாப்ள" என்றான்.

வெள்ளிக்கிழமை கீரனூருக்குப் பக்கத்தில் அந்தக் கோயிலில் என் மாமியார் வீட்டு ஆட்கள் மொத்தப் பேரும் கூடியிருந்தார்கள். சோலையம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மாமியார் நொண்டி நொண்டி வந்து என் கன்னத்தைத் தடவி விரல்களை நெற்றியில் வைத்துச் சொடுக்கினார். எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. உடுப்பைக் கழற்றலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "சாமி முன்னால அம்மணமாவா மாப்பிள்ளை நிறுத்தறது?" என்றார் மாமனார்.

பூசாரி கருப்பணன் ஒவ்வொரு சிப்பாயாக வாங்கி இரும்புத் தொப்பியில் திருநீறு பூசினார். மண் குதிரைகளுக்கும் மண் மாடுகளுக்கும் நடுவில், நைனா ராப்பகலாகத் தைத்த காக்கி உடுப்போடு ஐந்து பேரும் போய் நின்றார்கள். சல்யூட் அடிக்கத் தூக்கிய கையைக் கும்பிடாக மாற்றிக்கொண்டேன். பக்தி என்று நினைத்து என் பெரிய மைத்துனன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

ஆனாலும் எனக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. தோல்பையை அக்குளில் இறுக்கிக்கொண்டேன். கேப்டன் இருக்கிறான். கேப்டன் இருந்தால் பட்டாளம் மறுபடி சேரும். அடுத்த வாரம் மலையேற வேண்டியதுதான் பாக்கி.

"இருங்க பூசாரி, இன்னும் ஒண்ணு இருக்குதுங்க" என்றாள் சோலையம்மாள்.

கூடையில் தேங்காய்க்கு அடியிலிருந்து கேப்டனை எடுத்தாள். நான் பையைத் திறந்து துழாவினேன். புகையிலைதான் கைக்கு வந்தது.

அவள் என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஆறு பேருன்னு ஜெய்தூன் அக்கா எண்ணித்தானுங்களே சொன்னாங்க. அண்டாவுல அஞ்சுதானே இருந்துச்சு" என்றாள்.

பூசாரி கேப்டனை வாங்கிக்கொண்டார். "இது யாருக்குங்க அம்மிணி?"

"எங்க வீட்டுல ஒருத்தருக்குங்க. எந்தப் பொம்மையப் பாத்தாலும் வேணும்னு அடம் புடிக்கற சீக்கு. அது நிக்கோணும்னு நான் தனியா நேந்துக்கிட்டனுங்க."

பூசாரிக்கு மனசு இளகிவிட்டது. தழும்புக் கன்னத்தில் திருநீற்றை மெதுவாகப் பூசினார். "பாவம். கொழந்தைக்கு என்ன வயசு ஆகுதுங்க?"

"ஆவணி வந்தா நாப்பத்தாறுங்க" என்றாள் சோலையம்மாள்.