என் வால்வுக்கு இரண்டு படங்கள்

மூன்றாவது முறையாக என் இதயத்தைப் படமெடுக்க எவரையும் அனுமதிப்பதில்லை என்று 1979 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் நிறைவேற்றினேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நானே. எதிர்க்கட்சி அப்போது ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

எதிர்க்கட்சி என்பது என் மனைவி ஜெயசெல்வி. பிறந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. அந்தப் பள்ளியின் மாணவிகள் அனைவரும், வீட்டில் நான் ஒருவனும், அவளுடைய நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தோம். ஒழுங்கு நடவடிக்கை பெரும்பாலும் என் மீதே பாய்ந்தது.

விவரம் இதுதான். என் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாகச் சந்தேகம். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதிய கருவி வந்திருந்தது. நெஞ்சுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு இதயத்தைப் படமாக வரையும். எக்கோ என்பார்கள். முதல் படம், வால்வு மிக மோசம் என்றது. அறுவைக்கு ஆயத்தமாகுங்கள் என்றார்கள். சில மாதங்கள் கழித்து இரண்டாவது படம். அது, சுருக்கம் சொற்பமே என்றது. ஒரே இதயம். ஒரே கருவி. ஒரே கட்டில். பெரிய டாக்டர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப் குழலை, முதல் தடவை போலவே, என் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். "இன்னொரு படம் எடுப்போம். சொல்லி அனுப்புகிறேன்" என்றார்.

நான் ஏன் போக வேண்டும்? இரு தரப்பும் சமமாக நிற்கும்வரை என் நெஞ்சுக்கூட்டை எவரும் திறக்க முடியாது. மூன்றாவது படம் எடுப்பது, வெற்றியும் தோல்வியும் இல்லாமல் முடிந்த ஆட்டத்தை வலியப் போய் மறுபடி ஆடுவதற்குச் சமம்.

அதுவரை எங்கள் வீட்டில் இரண்டு படங்களும் மாறி மாறி ஆட்சி செய்தன. கருவாடு வேண்டும்போது நான் இரண்டாவது படத்தை எடுத்துக்காட்டினேன். ஏரலில் என் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்று அவள் சொன்னபோது முதல் படத்தை.

"எங்க அண்ணன் வீடுன்னா சுருங்குது, நெய்மீன் கருவாடுன்னா விரியுது. நல்ல வால்வுதான்" என்றாள் ஜெயசெல்வி. தட்டில் உப்பில்லாத கஞ்சி வந்தது.

பக்கத்து வீட்டு இனிகோவிடம் முறையிட்டேன். திரேஸ்புரத்துக்காரர். என்னோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வின்ச் இயக்குபவர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணாச்சி? ரெண்டுல எது நல்லதோ அதை எடுத்துக்கிடுங்க. நான் வானிலை அறிக்கையை அப்படித்தான் கேக்கேன்."

"நீர்தான் கடலுக்கே போறதில்லையே?"

"அதனாலதான் உசுரோட இருக்கேன்."

துறைமுகத்தில் என் உத்தியோகம் டாலி கிளார்க். கப்பலில் ஏறும் உப்பு மூட்டைகளைக் கரையில் நின்று எண்ணுபவன். கப்பல்காரர் ஓர் எண் சொல்வார். நான் ஓர் எண் சொல்வேன். கண்ணால் காணாத மூட்டைக்கு நான் கையெழுத்திட்டதே இல்லை. என் ஒரு தலையசைப்புக்காகக் கப்பல்கள் நங்கூரத்தில் காத்துக் கிடந்திருக்கின்றன. அண்மைக்காலமாகக் கப்பல் ஏணியில் பாதியில் நின்று கடலழகை ரசிக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டிருந்தது. படுக்கையில் மூன்று தலையணைகளும் தேவைப்பட்டன. இவற்றை நான் வயதின் கணக்கில் எழுதிவைத்திருந்தேன்.

மெட்ராஸிலிருந்து அழைப்பு வந்தது.

"வர்ற புதன்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லட்டா?" என்றாள் ஜெயசெல்வி.

"வேண்டாம். நான் போகப்போறதில்ல."

"ஏன்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"முதல் படத்துக்கு அப்புறம் நீ ஜெபிச்சியா, இல்லையா?"

"ஜெபிச்சேன்."

"பெண்கள் ஐக்கிய சங்கமே ஜெபிச்சுதா?"

"வெள்ளிக்கிழமை தவறாம."

"ரெண்டாவது படம் நல்லா வந்துதா? அப்போ ஜெபம் கேக்கப்பட்டாச்சு. இனிமே மூணாவது படம் எடுக்கது, ஆண்டவர் செஞ்ச வேலையைச் சரிபார்க்க ஆள் அனுப்புற மாதிரி. அதுக்குப் பேரு அவிசுவாசம்."

ஜெயசெல்வி மறுபேச்சின்றி "சரி" என்றாள். எங்கள் இல்லற வாழ்வில் அது முதல் முறை. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவ்வளவு எளிதாகப் பெற்ற எவரும் நலமாக இருந்ததாக வரலாறு இல்லை. வெற்றிக் களிப்பில் நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை எங்கள் சபையின் குருவானவர் சுந்தர்சிங் ஐயா வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம், எபனேசர்! உங்க வீட்டம்மா எல்லாம் சொன்னாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனையில நீங்க சாட்சி சொல்லணும்."

எங்கள் சபையில் நோய் நீங்கியவர், எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, தாம் பெற்ற சுகத்தைத் தம் வாயால் அறிவிக்க வேண்டும். அதுதான் சாட்சி. தேநீர் அருந்திவிட்டு அவர் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"ஏளா, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்க?"

"நீங்க சொன்னதைத்தான் அவருகிட்ட சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டல."

"சுகமாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது படம் சொல்லுதுல்லா?"

"முதல் படம் வேற மாதிரில்லா சொல்லுது!"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் விசுவாசி."

"கண்ணால காணாத எதுக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு உனக்கே தெரியும்!"

"சாட்சியை வாயாலதானே சொல்லணும்? கையெழுத்தெல்லாம் கேக்க மாட்டாங்க."

அந்த வாரம் நான் பட்ட பாடு! ஆலயத்தில் முன்வரிசையில் அமர்கிறவர்களில் பாதிப் பேர் கப்பல் ஏஜெண்டுகள். நெஞ்சு சுகம் என்று அங்கே அறிவித்துவிட்டு, திங்கட்கிழமை ஏணியில் பாதியில் நின்றால், பிறகு என் எண்ணிக்கையை எவர் நம்புவார்? சாட்சி சொல்ல மறுத்தாலோ, அவிசுவாசி நான்தான். சனிக்கிழமை ஒரு வழி தோன்றியது. மூன்றாவது படம் எடுக்கப் போகிறேன், உறுதியான பிறகு சாட்சி சொல்கிறேன் என்று அறிவித்துவிடலாம். யார் கண்டது, அதுவும் நல்லதாகவே வரக்கூடும்.

நான் ஒத்திகை பார்த்த பேச்சைக் கேட்டுவிட்டு ஜெயசெல்வி ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

"எக்கோ சொல்லுறபடி கேப்பேன்னு சொன்னா, பின்னால இருக்கிற கெழவிகளுக்கு என்ன புரியும்? டாக்டர் சொல்லுறபடின்னு சொல்லுங்க."

நியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். "அன்பானவர்களே! உறுதிப்படாத ஒன்றுக்கு நான் சாட்சி சொல்வதில்லை. மெட்ராஸ் செல்கிறேன். டாக்டர் என்ன சொன்னாலும் அதற்குக் கட்டுப்படுவேன் என்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் வாக்களிக்கிறேன்." ஆலயமே ஆமென் என்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆமென் மட்டும் தனித்து ஒலித்தது. அந்தக் குரலை நான் அறிவேன்.

புதன்கிழமை ரயில் புறப்பட்டது. சன்னலோரம் எனக்குக் கிடைத்தது. மனம் லேசாக இருந்தது. பெட்டிகளை இருக்கைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள் ஜெயசெல்வி.

"ஒரு படம் எடுக்கதுக்கு எதுக்குளா ரெண்டு டிரங்குப் பெட்டி?"

"ஒரு மாசத்துக்கு வேணும்லா? நான் லீவு போட்டாச்சு. உங்க ஆபீஸ்லயும் சொல்லியாச்சு."

"ஒரு மாசமா? எதுக்கு?"

"நாளைக்கு உங்களை அட்மிட் பண்ணுதாங்க. அடுத்த வாரம் ஆபரேஷன்."

எழுந்தேன். மூச்சு வாங்கியது. உட்கார்ந்தேன்.

"மூணாவது படம் இன்னும் எடுக்கவே இல்லையே!"

"எடுப்பாங்க. அது ஆபரேஷனுக்கு வழி பாக்கதுக்கு. வேணுமா வேண்டாமான்னு பாக்கதுக்கு இல்ல. நீங்க அவிசுவாசம்னு சொன்ன அன்னைக்கே ஸ்கூல்ல இருந்து பெரிய டாக்டருக்கு டிரங்க் கால் போட்டேன். ஏணியில பாதியில நிக்கீயன்னு சொன்னேன். மூணு தலையணையையும் சொன்னேன். படம் எப்படி வேணும்னாலும் வரட்டும், குழல்ல கேக்குற சத்தம் ரெண்டு தடவையும் ஒண்ணுதான், உடனே கூட்டிட்டு வாங்கன்னாரு."

"ஏணியில நின்னது உனக்கு எப்படித் தெரியும்?"

"இனிகோ."

ரயில் மணியாச்சியைத் தாண்டியிருந்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"செல்வி, நியாயமாப் பேசு. ஒரு படம் ஆபரேஷன் வேணும்னு சொல்லுது, இன்னொண்ணு வேண்டாம்னு சொல்லுது. நான் எதுக்குன்னு கட்டுப்பட?"

அவள் தலையணையைத் தட்டி என் முதுகுக்குப் பின்னால் வைத்தாள்.

"படம்தான் ரெண்டு. டாக்டர் ஒருத்தர்தான்."