கட்டிலின் நான்காவது கால்

ஸ்னேக் நகரம்,
மே மாதம் ஐந்தாம் தேதி.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் டௌவே அவர்களுக்கு, தங்கள் தங்கை ஃபெம்கேயின் கணவன் கெர்பென் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே தாயும் சேயும் நலம். அங்கே தாங்களும் தங்கள் இடுப்பும் நலமாக இருக்கும் என நம்புகிறேன். இடுப்பைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டிலேயே பிரசவம் என்று முடிவானபோது மருத்துவச்சி அன்னெலீஸ் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "குனிஞ்சு குனிஞ்சே என் முதுகு போச்சு. கட்டிலை என் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைங்க, இல்லாட்டி நான் வரலை." சரி என்று ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் பீர் பெட்டி. பெட்டிகளைக் கால்பந்து கிளப்பிலிருந்து கொண்டுவந்தவர் தாங்கள். "காலிப் பெட்டி ஆடும் மாப்ளே, முழு பாட்டிலோட வெச்சாத்தான் கனமா நிக்கும்" என்று புத்தி சொன்னவரும் தாங்களே. அந்தப் புத்திக்குள் வேறொரு புத்தி ஒளிந்திருந்தது இந்த அப்பாவிக்கு விளங்கவில்லை. நான் ஆசைப்பட்டது என்ன? ஏழு வருஷம் ஏங்கிக் கிடந்து வருகிற பிள்ளை. அது வெளியே வரும்போது என் கண்ணால் பார்க்க வேண்டும், தொப்புள்கொடியை என் கையால் வெட்ட வேண்டும். அவ்வளவுதான். இதை உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீங்களும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினீர்கள்.

நம் நாட்டு ராஜாவின் பிறந்தநாளும் வந்தது, ஊரெல்லாம் விடுமுறை. தெருவெல்லாம் ஆரஞ்சுத் துணி, ஆரஞ்சுத் தொப்பி, ஆரஞ்சு மூஞ்சி. மத்தியானத்துக்குள் தெருவில் உங்கள் கால்பந்து கிளப் கூட்டம் பீரை எல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டது. கடையோ திறக்கவில்லை. வலி லேசாக எடுக்கிறது என்று ஃபெம்கேயை நான் தோட்டத்தில் மெல்ல நடத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நீங்கள் மாடியேறிப் போய், கட்டில் காலுக்கு அடியிலிருந்த பெட்டியை உருவிக்கொண்டு, அந்த இடத்தில் எங்கள் வெங்காயப் பெட்டியைச் சொருகிவிட்டு வந்திருக்கிறீர்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். நீ பிடுங்கினது பிள்ளை பெறப் போகிறவளின் கட்டில் காலை! 'நீ' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடிக்கப் போவதில்லை.

அப்புறம் நடந்ததைக் கேள். அன்னெலீஸ் வந்தாச்சு, ஃபெம்கே கட்டிலில் ஏறியாச்சு, கத்திக் கத்தி என் கையை முறுக்கியாச்சு. "தலை தெரியுது, இன்னும் ஒரு முக்கு முக்கு தாயி!" என்கிறார் அன்னெலீஸ். நான் எட்டிப் பார்க்கிறேன். பார்க்கப் போகிறேன். படீர்! வெங்காயப் பெட்டி நொறுங்கி, கட்டிலின் கால்மாட்டு மூலை கீழே இறங்குகிறது. "பிடிங்க! இப்ப அவளை நகர்த்த முடியாது, பிடிங்கன்னா!" நான் தவழ்ந்து கட்டிலுக்கு அடியில் போய் முதுகைக் கொடுத்துத் தாங்கினேன். அந்த நேரத்தில் ஆரஞ்சு டோப்பாவோடு மாடியில் வந்து நின்றவன் யார்? நீதான். இன்னும் ஒரு பெட்டி உருவத்தான் வந்தாய் என்று நான் சத்தியம் செய்வேன்.

"டௌவே, நீ வந்து தாங்கு, நான் வெளியே வரேன்" என்று கெஞ்சினேன். "என் இடுப்புதான் உனக்குத் தெரியுமே மாப்ளே" என்றாய். அடப்பாவி! பெட்டியை உருவும்போது கட்டிலைத் தூக்க மட்டும் இடுப்பு இருந்ததா? ஃபெம்கேயாவது உன்னை விரட்டுவாள் என்று பார்த்தேன். "எவன் நின்னா என்ன, சீக்கிரம் எடுங்க!" என்று அலறினாள். அதோடு என் மேல் கனம் குறைந்தது. குழந்தை வீறிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தூசியும், காணாமல் போயிருந்த என் சாக்ஸ் ஒன்றும்தான். மேலே அன்னெலீஸ், "தம்பி, இந்தக் கத்தரியைப் பிடிங்க, இங்க வெட்டுங்க" என்கிறார். "நான்தான் அப்பா! நான் கீழே இருக்கேன்!" என்று கத்தினேன். தெருவில் அடித்த பேண்டு வாத்தியத்தில் எவன் காதில் விழும்? நீ வெட்டிவிட்டாய். ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா? வயிறு எரிகிறது டௌவே, இன்னும் எரிகிறது.

அதோடு விட்டாயா? குழந்தை பார்க்க வருகிறவர்களுக்கு ஊர் வழக்கப்படி கொடுக்க நான் அடுக்களையில் ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சோம்பு மிட்டாய் தூவி, தூவி, விரலெல்லாம் பிசுபிசுக்க நிற்கிறேன். நீ கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் ரஸ்க்கைத் தின்றுகொண்டு, "என் கையாலதான் வெட்டினேன், கை நடுங்கலையே!" என்று கச்சேரி வைக்கிறாய். எல்லோரும் உனக்குத்தான் கை கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் அடுக்களைக்குள் வந்து கேட்கிறாள்:

"அப்ப நீங்க எங்கே இருந்தீங்க?"

"கட்டிலுக்கு அடியில."

"அடக் கடவுளே, அவ்வளவு பயமா?" என்று என் தோளைத் தட்டினாள். "விடுங்க, என் வீட்டுக்காரரும் மயக்கம் போட்டு விழுந்தவர்தான்."

இப்போது தெருவே என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறது. ரொட்டிக் கடைக்காரன்கூடச் சிரிக்கிறான்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். இனி என் வீட்டு வாசற்படி மிதிக்காதே. அந்தக் கதையை இனிமேல் யாரிடமும் வாய் திறக்காதே. என் மகள் யிட்ஸ்கே பெரியவளானாலும் இப்படி ஒரு தாய்மாமன் உண்டு என்று நான் சொல்லப் போவதில்லை. உன் மனைவி மக்கள் நூறாண்டு நலமோடு வாழ ஆசீர்வாதம். உனக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கட்டிலைத் தாங்கியவன்,
கெர்பென்.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வா. பிள்ளை வெளியே வந்தது எப்படி என்று ஃபெம்கேயிடம் கேட்டுப் பார்த்தேன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தேன் என்கிறாள். அன்னெலீஸுக்குப் போன் போட்டால், "எல்லாம் நார்மலா இருந்துச்சு" என்று வைத்துவிட்டார். அவருக்குத் தினம் ஒரு பிள்ளை. பார்த்தவன் நீ ஒருத்தன்தான். யாரும் இல்லாத நேரமாக வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து மெதுவாகச் சொல். தலைமுடி ஈரமாக இருந்ததா, கண்ணைத் திறந்தாளா, கை எப்படி வைத்திருந்தாள், எதையும் விடாமல் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன்.