எவாரிஸ்தோ முதலாவதாக வந்த கதை

எவாரிஸ்தோவின் தொப்பி மறுபடியும் பறந்து சோயா வயலுக்குள் விழுந்தது. இந்த முறை அவர் அதைத் துரத்தவில்லை. அடிக்கிற எதிர்க்காற்றில் அதுவாவது வீடு போய்ச் சேரட்டும் என்று விட்டுவிட்டார்.

வில்யா அமாலியாவிலிருந்து கொலோனியா பெர்த்தா வரை பந்தய தூரம் நூறு கிலோமீட்டர். வழியில் வளைவு கிடையாது, மேடு கிடையாது, மரம்கூட யோசித்து யோசித்துத்தான் முளைத்திருக்கிறது. தூரத்தில் ஒரு தானியக் கோபுரம் தெரியும். ஒரு மணி நேரம் மிதித்த பிறகும் அதே இடத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். ஆனாலும் காலையில் பனி விலகும் நேரம் சைக்கிள் சங்கத்து ஆட்கள் பாடிக்கொண்டே கிளம்பியபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு காற்று கிளம்பியது. கூட்டம் சிதறிப்போய், இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் மாடுகள்தான்.

எவாரிஸ்தோ ஊரில் முடிதிருத்துபவர். வருஷம் முழுக்க வாடிக்கையாளர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே தன் சைக்கிள் வீரத்தைச் சொல்லி வந்தார். ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை. மனைவி நெலிதாவிடம் மட்டும் அது செல்லவில்லை.

"இதோ பாரு கிழவா! கடைசிவரைக்கும் மிதிச்சு வந்தா சைக்கிள் உன்னோடது. எவன் வண்டியிலாவது ஏறினேன்னு தெரிஞ்சுதோ, அதை வித்துட்டு ஞாயித்துக்கிழமை தவறாம என்கூட ஸாம்பா ஆட வரணும். கையில கைக்குட்டையை ஆட்டிக்கிட்டு!"

அந்தக் கைக்குட்டையை நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தார். அதற்கு மேல் கால் வரவில்லை.

பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சிச்சோ, பெர்த்தா பக்கத்து விவசாயி.

"என்னண்ணே, காத்து பலமா?"

"சேச்சே, சங்கிலியைச் சரி பண்றேன்."

"ஏறுங்கண்ணே."

"நானா? வண்டியிலயா?"

காற்று ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் வாயில் போட்டது. ஏறிவிட்டார்.

சிச்சோ ஒன்றும் கேட்காமல் சைக்கிளின் மேல் சாக்கைப் போட்டு மூடினான். சூடான மாத்தே டீக் குவளையை அவரிடம் நீட்டினான்.

"ஊருக்கு முன்னாடி என் மக்காச்சோளக் காடு இருக்கு. அங்க இறக்கி விடறேன். நல்ல மறைவு."

"உனக்கு ரொம்ப நல்ல மனசுப்பா!"

இறங்கிய பிறகுதான் அடுத்த வம்பு புரிந்தது. இந்தக் காற்றில் இத்தனை சீக்கிரம் வந்தால் குழந்தைகூட நம்பாது. நாலு பேர் கடந்து போகட்டும், அஞ்சாவதாகப் போய்க்கொள்ளலாம் என்று சைக்கிளோடு காட்டுக்குள் படுத்தார். கொசு மொய்த்தது. பக்கத்தில் எதுவோ சரசரத்து முனகியது. பன்றியாக இருக்கும் என்று காலை மடக்கிக்கொண்டார். சாலையில் மட்டும் ஒருவரும் வரவில்லை.

போன் அடித்தது.

"எங்கய்யா இருக்க?" என்றாள், பெர்த்தாவில் காத்துக்கொண்டிருந்த நெலிதா.

"பாதி வழியில. பயங்கரக் காத்து!"

"காத்துச் சத்தமே கேக்கலையே?"

எவாரிஸ்தோ போனுக்குள் ஊதினார்.

"இன்னும் ஒருத்தரும் வந்து சேரல, கிழவா. யாருக்குப் போன் பண்ணாலும் பாதி வழிங்கறாங்க. இங்க பொம்பளைங்க எல்லாம் அழறாங்க. உங்களத் தேடித் தீயணைப்பு வண்டி கிளம்புது."

"ஐயோ, வேண்டாம்! நான் பக்கத்துல வந்துட்டேன்!"

"இப்பதானே பாதி வழின்னே?"

"காத்து திரும்பிடுச்சு!"

மாட்டுத் தொட்டித் தண்ணீரை வியர்வைக்குப் பதிலாகத் தலையில் ஊற்றி, கன்னத்தில் மண்ணைப் பூசிக்கொண்டு சாலைக்கு வந்தார். வந்து பார்த்தால் காற்று நிஜமாகவே திரும்பியிருந்தது! முதுகில் கை வைத்துத் தள்ளியது. வயல்கள் இரண்டு பக்கமும் ஓட, எவாரிஸ்தோ வாய்விட்டுக் கூவினார். அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரும் சொர்க்கம். அதை மட்டும் அவர் சத்தியமாக மிதித்தார்.

பெர்த்தா ஊரே கைதட்டியது. கோயில் மணி அடித்தார்கள். கழுத்தில் பதக்கம் விழுந்தது. நெலிதா அழுதுகொண்டே அந்த ஸாம்பாக் கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"உன்னைத் தப்பா நெனச்சுட்டேன், கிழவா. சைக்கிள் உனக்குத்தான்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்குள் யாரோ கறி அடைத்த சூடான எம்பனாதா ஒன்றை அவர் வாயில் திணித்துவிட்டார்கள்.

அப்போது லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. எவாரிஸ்தோவுக்கு எம்பனாதா தொண்டையில் மாட்டிக்கொண்டது. சிச்சோ அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நெலிதாவிடம் தலையை நீட்டினான்.

"அண்ணி, அதான் ஒருத்தர் ஜெயிச்சாச்சுல்ல? காலையிலேர்ந்து என் சோளக்காட்டுல கொண்டாந்து இறக்கின மத்தவங்களையும் ஒரு குரல் குடுத்து வெளிய வரச் சொல்லுங்க, அறுவடை மெஷின் உள்ள இறங்கப் போவுது!"